அருவிக்குப் போன ஞாயிறு

தர்ஷினி அப்பாவுக்கு,

போனில் பேசும்போது எனக்கு வார்த்தைகள் சிக்கிக்கொள்கின்றன. வீடியோவில் என் தலைத் தழும்பைப் பார்த்ததும் நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். அதனால்தான் குவைத்துக்குத் திரும்பும் வீரமுத்து அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பைக் விபத்துக்குப் பிறகு என்னைப் படுக்கையிலேயே வைத்திருக்கச் சொன்னீர்கள். அத்தையும் ஒரு குடம் தூக்க விடவில்லை. ஆனால் பயிற்சி முடிந்து அனுப்பும்போது பிசியோதெரபி டாக்டர் சொன்னது வேறு.

"தினமும் நடங்க, மேடு ஏறுங்க. கூட ஒருத்தர் இருந்தா போதும்."

ஞாயிற்றுக்கிழமை கரியாலூர் அருவிக்குப் போகிறேன் என்றேன். அத்தை கத்தினார்.

"வூட்ல யாரு சொன்னாலும் கேக்க மாட்டியா? இரு, நானும் வரேன்."

அருவிக்கு இறங்கும் வழியில் வலது கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். அத்தை பதறிக் கையை நீட்டினார். நான் வேண்டாமென்று தலையசைத்ததும் இழுத்துக்கொண்டார்.

"சரி, நீயே எந்திரிம்மா. நான் இங்கயேதான் நின்னுக்கினு இருக்கேன், பயப்படாத."

அவர் குரல்தான் நடுங்கியது. ஒரு மரத்தைப் பிடித்து எழுந்தேன். அருவியில் இருவருமே நனைந்தோம். அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் ஏறியதும், "வாராவாரம் எங்கனா போய் நடக்கலாமா?" என்று அவரே கேட்டார்.

பொங்கலுக்கு வரும்போது ஆட்டோ பிடிக்காதீர்கள். மணலூர்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு நானே வருகிறேன். வீட்டுக்குச் சேர்ந்து நடக்கலாம். முடி இன்னும் குட்டைதான், காலும் கொஞ்சம் இழுக்கும். அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி