மகரக்கட்டு உடையாத குரல்

லோசான், சுவிஸ், மார்கழி 1986

அன்புள்ள உமக்கு,

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தீர். ஆமி முகாமில் பட்ட காயம் ஆறிவிட்டதாம். அதை விடும்.

நான் கூட்டித் துடைக்கும் தேவாலயத்தில் பாட்டு மாஸ்டர் ஒரு பழைய இசைத்தட்டைப் போட்டார். பெண் குரல் என்றேன். இல்லை, ஆண் என்றார். அந்தக் காலத்தில் தேவாலயத்தில் பாடுவதற்கென்றே சிறு பையன்களை, நாம்பன் மாட்டுக்கு விதை நசுக்கி நலமடிப்பதுபோல, அப்படிச் செய்துவிடுவார்களாம். நெஞ்சு ஆம்பிளை நெஞ்சாக விரியும். மகரக்கட்டு மட்டும் உடையாதாம், குரல் தடிக்காதாம். சிலருக்குப் பெண்களின் உச்சக்குரல், சிலருக்கு அதற்கு ஒரு படி கீழ். வயதேற உச்சத்தில் பாடியவர்களும் கீழே இறங்கிவிடுவார்களாம். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவருக்குக் கிட்டப் போனேன்.

"வளந்த ஆளுக்கு இப்பிடி நடந்தால் குரல் மாறுமோ?" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

"மாறாது. வெளியில் ஒருவருக்கும் தெரியவராது," என்று சிரித்தார்.

நீர் கொழும்புக்கு வந்து தொலைபேசியில் கதைத்தபோது, இனி நமக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வைக்கப் பெயர்கூடச் சொன்னீர். நான் கதையை மாற்றினேன். பிறகு, "உங்கட குரல் அப்பிடியே இருக்கு, எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்," என்றீர்.

உண்மையாகவே அது காணுமோ? யோசித்து எழுதும்.

குரல் மட்டும் மாறாத,
உம்முடைய ஆள்