ஒன்பதாவது வளையம்

மார்ச் 3, செவ்வாய்

சுண்டெலி, உன் சிவப்புக் கார் இன்றைக்கும் புகைச் சோதனையில் தேறவில்லை. இரண்டாவது தடவை.

நான்தான் ஓட்டிப் போனேன். உன் வீட்டுக்காரர் பின்னால் ஸ்கூட்டரில் வந்தார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறியது. பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சோதனைக்காரர் கொடுத்த தாளை மாப்பிள்ளை படித்துச் சொன்னார். எரியாத பெட்ரோல் புகையோடு வெளியே போகிறதாம். இன்னும் ஒரே ஒரு தடவை காட்டலாம், 27ஆம் தேதிக்குள். அதிலும் போனால் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது.

"போகட்டும்க்கா. உடைக்கிற இடத்துக்குக் குடுத்துடலாம். முப்பது வருஷ வண்டி."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வண்டியைப் பார்க்கவில்லை. நீ கண்ணை மூடிப் பதினோரு மாதம். இந்தப் பதினோரு மாதமும் அவர் அதைப் பார்த்ததில்லை. ஷெட்டில் ஏணி எடுக்கப் போனால்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே போகிறார். கடன்காரனைக் கண்ட மாதிரி.

மார்ச் 4

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இரண்டு மெக்கானிக்குகளிடம் போனேன். ஒருவர் "இந்த மாடலா? வேணாம்மா" என்று கையைக் கழுவிவிட்டார். இன்னொருவர் அடுத்த மாதம் வரச் சொன்னார். ஆனால் ஒன்று சொன்னார்: "இன்ஜெக்டரக் கழட்டி சுத்தம் பண்ணிப் பாருங்க. பெட்ரோல் சரியா தூவலன்னா இப்படித்தான் உதறும்."

இன்ஜெக்டர். நீ அதைக் கழற்றியபோது டார்ச் பிடித்தது யார்? நான். "கொஞ்சம் ஆடாம பிடிக்கா, கல்யாண வீட்டு லைட் மாதிரி ஆட்டாத" என்று திட்டு வாங்கியதும் நான்தான். கடைசி நேரத்தில் என் தையல் கடையில் ஆள் காத்திருக்கிறார் என்று கூப்பிட, டார்ச்சை பானெட்டில் தொங்கவிட்டுப் போய்விட்டேன். மீதியை நீ தனியாகத்தான் முடித்தாய்.

ஐந்தாவது வரை படித்தவளுக்கு இந்த வேலை வருமா? போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பேச்சு ஒன்றும் புரியவில்லை. கை புரிந்தது. ஆறு தடவை பார்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கழற்றிவிட்டேன்!

முதலில் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். குழாயில் இருந்ததைக் குடித்துவிட்டு அதுவே நின்றது. இதைச் செய்யாமல் குழாயைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சும் என்று நீ சொன்னது மறக்கவில்லை. அப்புறம் பேட்டரி ஒயர். அப்புறம் சூடு ஆறும்வரை ஒரு மணி நேரம், ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்தேன்.

நான்கு இன்ஜெக்டருக்கும் மேலே படுத்திருக்கிறதே ஒரு குழாய், அதன் போல்ட் இரண்டும் லேசாகவே வந்தன. குழாய்தான் வரவில்லை. இப்படி ஆட்டு, அப்படி ஆட்டு, கெஞ்சு, திட்டு. திட்டியதற்கு வந்தது. நான்கும் குழாயோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தன.

ஒயர் முனையில் இருந்த சின்னக் கம்பிக் கிளிப் ஒன்று துள்ளிப் போய்விட்டது. கடையில் குண்டூசி பொறுக்குகிற காந்தத்தைக் கொண்டுவந்து தரையெல்லாம் தடவினேன். கிடைத்தது. கூடவே உன்னுடைய இரண்டு நட்டுகளும், ஒரு காதணியும். காதணி காந்தத்தில் ஒட்டியதால் அது தங்கம் இல்லை என்றும் தெரிந்தது. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று மாறக் கூடாது அல்லவா? நம்பர் எழுதினால் பெட்ரோலில் அழியும். நூல் கட்டினேன். ஒன்றுக்கு ஒரு முடிச்சு, இரண்டுக்கு இரண்டு முடிச்சு, அப்படியே நான்கு வரை. ஓட்டை நான்கையும் சுத்தமான துணியால் அடைத்தேன். ரப்பர் வளையம் மேலே ஒன்று, கீழே ஒன்று. நான்கிலும் சேர்த்து எட்டு. உருவி எண்ணிக் கிண்ணத்தில் போட்டேன்.

மார்ச் 10

இன்ஜெக்டர் சோதிக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நூலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது என்னம்மா, முடிச்சு?"

"அதான் நம்பரு."

"இங்க வர்ற மெக்கானிக்கெல்லாம் பைல போட்டுட்டு வந்து கடலை மாதிரி கொட்டுவான். நீங்க என்ன வேலை?"

"துணி தைக்கிறேன்."

"அதான பார்த்தேன்."

கண்ணாடிக் குழாய்கள் வைத்த ஒரு மெஷினில் மாட்டி ஓடவிட்டார். நான்கிலிருந்தும் பனி மாதிரித் தூவியது. அழகு என்றால் அவ்வளவு அழகு. அவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"பெரிய குறை ஒண்ணும் இல்லையேம்மா. ஒண்ணுக்கு மட்டும் லேசா சளி. கழுவித் தரேன். ஆனா வண்டி அந்த அளவுக்கு உதறுதுன்னா இது காரணமில்ல."

கழுவி, வடிகட்டியும் வளையமும் புதிதாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். அப்போ என்னதான் காரணம்?

மார்ச் 13

இன்று யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. உன் போனுக்கு அடித்துப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு ஆள் எடுத்தார். நல்ல மனுஷன், தூக்கக் கலக்கத்திலும் கோபப்படவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது. சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

காலையில் புது வளையங்களுக்கு எண்ணெய் தொட்டு, நான்கையும் குழாயோடு சேர்த்து இறக்கினேன். மூன்று உட்கார்ந்துவிட்டன. முடிச்சு மூன்று போட்டது மட்டும் நகக்கண் அளவு தூக்கி நின்றது. ஒரு பக்கத் தோள் ஏறிப்போன சட்டை மாதிரி. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு அதுதானே சோறு போடுகிறது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். ஷெட் வாசலிலேயே நின்று, வானத்தைப் பார்த்துக்கொண்டு, "போல்ட்ட இறுக்குங்கக்கா, இறங்கிடும்" என்றார்.

"இழுத்துத் தைச்சா தையல் பிரியும் மாப்பிள்ள. அளவு தப்புன்னா பிரிச்சுத்தான் பார்க்கணும்."

பிரித்தேன். மூன்றாவது ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். சுவரோடு சுவராகக் கறுப்பாக ஏதோ. கரி என்றுதான் நினைத்தேன். நூல் பின்னுகிற கொக்கி ஊசியை விட்டு மெல்ல நெம்பினேன். வந்தது ஒரு வளையம். வெந்து, காய்ந்து, பாதி தட்டையாகி.

கிண்ணத்தில் எட்டு இருக்கிறது. இது ஒன்பது.

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. இரண்டு வருஷம் முன்னால் நீ சர்வீஸ் செய்தபோது மூன்றாவதின் பழைய வளையத்தை உள்ளேயே விட்டுவிட்டுப் புதிதை அதன் தலையில் உட்காரவைத்திருக்கிறாய்! சரியாக உட்காராத சந்து வழியாக இவ்வளவு நாளும் காற்று உள்ளே போயிருக்கிறது. அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அதனால்தான் உதறல். நீ பெட்ரோல் பங்க்கைக் குறை சொன்னாய். பிளக் மாற்றினாய். ஒயர் மாற்றினாய். விற்றவனை ஏழு தலைமுறைக்குத் திட்டினாய்.

"மாப்பிள்ள, இங்க வாங்க. உங்க பொண்டாட்டி பண்ண வேலையப் பாருங்க."

வந்தார். உள்ளே வந்தார். வளையத்தை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"அவளா? அவளா விட்டா?"

"வேற யாரு?"

"ஒரு ஸ்க்ரூவ தொலைச்சதுக்கு என்கிட்ட மூணு நாள் பேசலக்கா அவ! 'கையா அது, சல்லடையா'ன்னு கேட்டாக்கா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், தரையில் உட்கார்ந்தே விட்டார். நானும் உட்கார்ந்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பியபோது அவர் எழுந்து, வண்டிமேல் கையை ஊன்றி நின்றிருந்தார். பதினோரு மாதத்துக்குப் பிறகு.

"டார்ச்சக் குடுங்க, நான் பிடிக்கிறேன்" என்றார்.

இந்தத் தடவை நான்கும் 'டப்' என்று உட்கார்ந்தன. ஃபியூஸையும் பேட்டரி ஒயரையும் மாட்டி, குழாயில் பெட்ரோல் ஏறச் சாவியை மூன்று தடவை திருப்பித் திருப்பி விட்டு, எங்கேயும் ஒழுகவில்லை என்று விரலால் தடவிப் பார்த்தோம். அப்புறம் ஸ்டார்ட். பானெட்மேல் வைத்த டம்ளரில் காபி அசையவில்லை.

மார்ச் 16

காலையில் எழுந்ததும் கோவம்தான் வந்தது. உன் மேலதான்டி. எவ்ளோ பெரிய வாய் உனக்கு! ஒரு வளையத்த எண்ணத் தெரியல. நான் ஊசிய எண்ணி வைச்சா "அக்கா பேங்க் தொறந்துட்டா"ன்னு கிண்டல் வேற.

பிறகு நினைவு வந்தது. அந்த மாதம்தான் நீ யாருக்கும் சொல்லாமல் முதல் தடவை டாக்டரிடம் போயிருந்தாய். விரல் மரத்துப்போகிறது என்று. அந்த விரலோடுதான் ஓட்டைக்குள் குனிந்து வேலை செய்தாய். நான் டார்ச்சைத் தொங்கவிட்டுவிட்டுப் போனேன்.

கோவம் போய்விட்டது. வளையத்தைத் தூக்கிப் போடவில்லை. எட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

தேறிவிட்டது.

சோதனைக்காரர் மெஷினில் வந்த எண்ணைப் பார்த்து, அதை ஒரு தட்டு தட்டி, மறுபடியும் பார்த்தார். "என்னம்மா பண்ணீங்க?" என்றார். "ஒண்ணு அதிகமா இருந்துச்சு, எடுத்துட்டோம்" என்றேன். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை அடக்க.

ஏப்ரல் 19, ஞாயிறு

மாப்பிள்ளைதான் ஓட்டுகிறார் இப்போதெல்லாம். வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கே எடுத்துப் போகிறார். ஸ்கூட்டரைப் பக்கத்து வீட்டுக்காரர் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். இன்று என்னையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை போனார். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டு வேறு. குரல் சகிக்கவில்லை.

ஒன்றுதான் குறை. அறுபதைத் தாண்டினால் இடது பக்கம் எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு விசில் வருகிறது. அவர், "காத்துக்கா, வெறும் காத்து" என்கிறார். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இரண்டு பேரும் தலையை உள்ளே விட்டுக் கேட்டோம். நின்றால் வருவதில்லை. ஓட்டினால் வருகிறது.

சுண்டெலி, இது உன் காலத்திலேயே இருந்ததா, இல்லை நான் பண்ணி வைத்ததா?