முப்பத்தோராம் பக்கத்து முத்தாத்தாள்

பீளமேடு
2.8.2024

அன்புள்ள கிருபா,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபால். சின்னத்தாயி அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? புத்தக வெளியீட்டில் உனக்காக முன்வரிசையில் நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். நீ வரவில்லை. உங்கள் ஊர் வீரக்கல்லில் வாளோடு நிற்கிற முத்தாத்தாளுக்கு அறுநூறு வருஷம் கழித்து ஒரு புத்தகம். உன் அம்மா சொன்ன கதையைக் கேட்டுத்தானே எழுதினேன்! படித்தீர்களா?

உன்
நவ்யா

கிணத்துக்கடவு
10.8.2024

நவ்யாவுக்கு,

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பத்தோராம் பக்கத்தில் 'பண்ணையாரின் மகள் முத்தாத்தாள்' என்று வந்ததும், "நிறுத்து கண்ணு, இது வேற ஆரோ" என்றாள்.

அம்மா சொன்ன முத்தாத்தாள் அந்தப் பண்ணையில் சாணி அள்ளியவள். மாடு திருடும் கும்பல் வந்தபோது பண்ணைக்காரர் நெல் குதிருக்குள் ஒளிந்துகொள்ள, அவர் வாளை எடுத்துக்கொண்டு ஓடி, எழுபது மாட்டையும் திருப்பி ஓட்டி வந்து, வயிற்றில் அம்போடு தொழுவத்து வாசலில் விழுந்தவள்.

நேற்று ஆடி வெள்ளி. அந்தக் கல்லைக் குளிப்பாட்டுவது எங்கள் வீட்டுப் பெண்கள்தான் என்று உனக்குத் தெரியும். அம்மா போயிருக்கிறாள். கல்லைச் சுற்றி உன் பெரியப்பா பாலகோபால் புதிதாகப் போட்ட கம்பி வேலியின் கேட்டில், உன் பக்கத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். "ஏனுங்கம்மா, இனி பூசையெல்லாம் பண்ணையார் வாரிசுங்களுக்குத்தானுங்களாம்" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் ரெக்கார்டர் வைத்துக் கேட்டாயே. சரியாகக் கேட்கவில்லையா?

கிருபா

பீளமேடு
14.8.2024

கிருபா,

சரியாகத்தான் கேட்டேன்.

அச்சுக்குப் போகுமுன் பெரியப்பா படித்தார். "பண்ணைக்காரன் ஒளிஞ்சான், சாணி அள்ளுறவ வாளெடுத்தாள்னு போட்டா நாலு பேரு நம்மளை என்ன நினைப்பாங்க? மகள்னு மாத்திப்போடு கண்ணு. ஒரே வார்த்தைதான்." காபி ஆறுவதற்குள் மாற்றிவிட்டேன்.

அவளுடைய துணிச்சலைப் பற்றி இருநூறு பக்கம் எழுதியவளுக்கு, "மாட்டேன் பெரியப்பா" என்று சொல்ல வரவில்லை. அந்தப் புத்தகத்தைத் தொடவே கை கூசுகிறது. அம்மாவிடம் நீயே சொல்லிவிடேன்.

நவ்யா

கிணத்துக்கடவு
19.8.2024

நவ்யா,

நான் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் பெரியப்பா வீரக்கல்லுக்கு வருகிறாராம். அம்மா அவரைப் பார்த்துக் கேட்கப்போகிறாள். நீயும் வா. அவர் முன்னால் சொல். கேட் திறக்க அது போதும்.

கிருபா

கிணத்துக்கடவு
24.8.2024

நவ்யா,

நேற்று புளியமரத்தடியில் உன் கார் நின்றதைப் பார்த்தோம். கண்ணாடி பாதி இறங்கி, மறுபடி ஏறிவிட்டது. உன் பெரியப்பா அம்மாவிடம், "நாங்க என்னங்க பண்றது, படிச்ச புள்ளை எழுதின புத்தகத்துலயே அப்படித்தான இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

உன்னைக் கூப்பிட நடந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் கண்ணு. பெரியவரு முன்னால அந்த அம்மணிக்குச் சங்கடமாப் போயிரும்."

பஸ்ஸில் வரும்போது அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் இனிமேல் பேசப்போவதில்லை.

கிருபா