மட்கார்டு பிரிவில் ஓர் அண்ணன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தங்கையும் நானும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் துணியை அறைக்குள்ளேயே காயப்போடாமல், நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். தங்கை பேச்சை எடுத்தாலே உன் போனுக்கு சிக்னல் போய்விடுகிறது, கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், எழுதக் கூடாது என்று வாங்கவில்லை.

அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் லேத் மிஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்து படுக்கிறார். நான் ஓட்டுகிற பள்ளி வேனுக்குப் புது கிளட்ச் போட்டாயிற்று, இப்போது வண்டி குலுங்குவதில்லை என்று பிள்ளைகள் என்னிடம் குறைப்படுகிறார்கள். கீழ்வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தார். இதெல்லாம் சும்மா எழுதுகிறேன், கோபம் கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும் என்று.

விஷயம் இதுதான். தேசிய பைக் பந்தய சாம்பியன்ஷிப்பில் சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவர்களுக்கென்று தனியார் பிரிவு இருக்கிறதல்லவா, அதில் இந்த வருஷம் உன் தங்கைதான் முதலிடம். கடைசிப் பந்தயம் ஒன்றுதான் பாக்கி, அதில் நாலாவதாக வந்தால்கூடப் பட்டம் அவளுக்கு. அந்த நேரம் பார்த்து நீ வேலை பார்க்கிற பைக் கம்பெனி போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. இன்ஜினில் ஏதோ ஒரு பாகத்தை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டார்களாம், பந்தயக் கமிட்டி முடியாது என்றதாம், உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டிகளை லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். போகட்டும், நமக்கென்ன? இவள் ஓட்டுவது அவர்கள் கம்பெனி செய்த வண்டியே தவிர அவர்கள் கொடுத்த வண்டி இல்லையே. யாரோ ஓட்டித் தேய்த்ததை வாங்கி, உன் அப்பா சிலிண்டரைக் கடைந்து கொடுத்தது. ஆனால் கமிட்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முன்வாசல் வழியாகப் போனவன் பின்வாசல் வழியாக வந்துவிடக் கூடாதாம். விலகிய கம்பெனியோடு தொடர்பு உள்ள யாரும் அந்தக் கம்பெனி வண்டியைத் தனியார் பிரிவில் ஓட்டக் கூடாது என்று ஒரே வாரத்தில் விதி போட்டார்கள். ஒப்பந்தம் இருந்தாலும் தொடர்பு, உதிரி பாகம் வாங்கியிருந்தாலும் தொடர்பு, குடும்பத்தார் அங்கே வேலை பார்த்தாலும் தொடர்பு. பாதி ஆட்டத்தில் விதியை மாற்றினால் தெருவில் பந்து விளையாடுகிற பொடிசுகள்கூட ஒத்துக்கொள்ளாது, இவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு மாற்றுகிறார்கள்.

நீ அங்கே வேலை பார்ப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். இவள் வாய்தான். போன பந்தயத்தில் ஜெயித்துவிட்டு மேடையில் நிற்கும்போது மைக்கை நீட்டி, வண்டி எப்படி இவ்வளவு நல்லா ஓடுது என்று ஒருவன் கேட்டான். எங்க அண்ணன் அந்தக் கம்பெனியிலதான் இருக்கான், அவன் கை பட்ட வண்டி ஓடாம இருக்குமா என்று சொன்னாளே பார்க்கலாம்! கடைந்து கொடுத்த அப்பா கீழே கையில் ஸ்பானரோடு நிற்கிறார், அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளோடு ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத நீதான் அங்கே பெரிய ஆள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் அப்பாவும் கூடப் போனோம். கண்ணாடிக் கதவு போட்ட அறை, பிளாஸ்டிக் நாற்காலி, பாலித்தீன் உறை பிரிக்காத பரிசுக் கோப்பைகள் ஒரு மூலையில். நான் சும்மா இருப்பேனா? என் பையன் மட்கார்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரிவில் இருக்கிறான், பந்தய வண்டியில் முதல் வேலையாகக் கழற்றி வீசுவதே மட்கார்டைத்தான், இதில் என்ன ரகசியத்தை அவன் தங்கைக்குக் கடத்திவிட்டான் என்று கேட்டேன். தலைவர் சிரிக்கக்கூட இல்லை. என்ன தொடர்புன்னு விதி கேக்கலம்மா, தொடர்பு இருக்கான்னுதான் கேக்குது என்றார். அப்போது உன் அப்பா, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லைங்க என்று உளறிவிட்டார். உன் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். ஊருக்கெல்லாம் சொல்லவேண்டிய சங்கதியா அது?

வெளியே தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் செயலாளர் எங்களைத் தனியாக மடக்கினார். நல்லது செய்கிற தோரணையில், குரலைத் தாழ்த்தி, அதான் பேச்சுவார்த்தை இல்லையே, அதையே எழுதிக் குடுத்துடுங்க, அண்ணன் எங்க குடும்பத்தைச் சேர்ந்தவர் இல்ல, அவரோட எந்த உறவும் வெச்சுக்கலன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், பொண்ணு ஓட்டலாம் என்றார். பேனாவையும் அவரே நீட்டினார். வெறும் காகிதம்தானே, போட்டுடும்மா என்றார் அப்பா. உண்மையைச் சொல்கிறேன், போட்டுவிட்டால் தேவலை என்றுதான் எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. போன வருஷம் பந்தயத்தில் விழுந்து அவள் தோள்பட்டை எலும்பு உடைந்து கிடந்ததைப் பார்த்தவள் நான், இந்தப் பட்டத்துக்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அவள் பேனாவை வாங்கி மூடி போட்டு அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டாள். அவன் என்கிட்ட பேசாம இருக்கிறது எனக்கும் அவனுக்கும் உள்ள சண்டை சார், அதை நான் உங்ககிட்ட எழுதிக் குடுக்க முடியாது, எனக்கு அண்ணன் இருக்கான், ஒரே ஒரு அண்ணன்தான் என்றாள். அங்கே நின்றிருந்த மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் கேட்டார்கள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்தாள், வீடு வந்து சேரும்வரை கழற்றவே இல்லை. கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டி வந்தேன், உள்ளே அழுகிறாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆக ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடக்கும், இவள் வீட்டில் இருப்பாள். கமிட்டிக்காரர்கள் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கோபித்துக்கொண்டு போன உன் கம்பெனி மேலும்தான். இரண்டு பெரிய மனிதர்களின் வீம்புக்கு என் பெண் பட்டத்தை இழக்கவேண்டுமா? ஆனால் எழுத எழுத ஒன்று புரிகிறது, உன் மேல் உள்ள ஆத்திரம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. அவள் விழுந்தபோது நீ பயந்துபோனாய், அதனால்தான் வண்டியை விற்றால்தான் பேசுவேன் என்றாய், தெரியாமல் இல்லை. அதற்காக ஒரு வருஷமா? விலகிப்போகிறவர்கள் சுலபமாகப் போய்விடுகிறீர்கள், இருக்கிறவர்கள் அல்லவா அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

அவசரப்பட்டு வேலையை விடுகிறேன் என்று ஆரம்பிக்காதே, அந்தப் பயத்தில்தான் அவள் என்னிடம் சத்தியமே வாங்கினாள். கமிட்டிக்கு மனு எழுதவும் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொள். என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, இந்தக் கோபமும் தீர்கிறவரை கூடவே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடு. எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடு. அத்தனை பேர் முன்னால் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா