நகப்பாலிஷ் பொட்டு

செவ்வாய், இரவு.

ஆய்வகத்து நத்தைகளை என் ஆராய்ச்சி மாணவி செல்விதான் தொட்டி மாற்றிப் போட்டிருப்பாள் என்று மதியம் வரை நினைத்தேன். மிகப் பழமையான ஏரிகளில் கல்லில் வாழும் நத்தையும் சேற்றில் வாழும் நத்தையும் பிரிந்து தனித்தனி இனங்களானதுபோல, சிங்காநல்லூர் குளத்திலும் தடித்த ஓட்டு நத்தை ஓர் இனம், மெல்லிய ஓட்டு நத்தை வேறோர் இனம் என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். ஆனால் நண்டோடு சேர்த்து வளர்த்த மெல்லிய ஓட்டுக் குஞ்சுகளுக்கு ஓடு தடித்துவிட்டது.

“நானு எதையும் மாத்தலீங்க மேடம். நீங்க வெச்ச நகப்பாலிஷ் பொட்டப் பாருங்க,” என்றாள்.

பார்த்தேன். குஞ்சாக இருந்தபோது நான் அடையாளத்துக்கு வைத்த சிவப்புப் பொட்டு, தடித்த ஒவ்வொரு ஓட்டின் நுனியிலும் இருந்தது; அதே நத்தைகள்தான், யாரும் மாற்றவில்லை. நண்டுக்குப் பயந்துதான் ஓடு தடிக்கிறது. இரண்டும் ஒரே இனம்.

கட்டுரையைப் போன வாரமே ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். செல்வியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது தவறு என்று வெளியே சொல்லிவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.