வாய் பிளந்த வண்டியும் உன் மகளும்

மாப்ள,

இன்று மத்தியானம் நம் கார்ப் பைத்தியங்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. அந்த ஜப்பான் சொகுசுக் கம்பெனியின் அடுத்த கார். முன்பக்கத்தைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ தலைமேல் வைத்துக் கொண்டாடிய அந்தப் பெரிய கிரில்லை எடுத்துவிட்டார்கள். உடுக்கை மாதிரி மேலும் கீழும் அகன்று, நடுவில் இடுங்கி, பம்பர் வரைக்கும் பிளந்து கிடக்குமே, அந்த வாய் இதில் இல்லை. கரண்டில் ஓடுகிற வண்டியாம், காற்று உள்ளே போக அவ்வளவு பெரிய ஓட்டை தேவையில்லையாம். உடுக்கையின் கோடு மட்டும் தகரத்தில் மடிப்பாகத் தெரிகிறது.

படம் வந்த கையோடு சண்டையும் ஆரம்பித்துவிட்டது. நல்லம்பள்ளித் தக்காளி வியாபாரி, இப்போதுதான் வண்டி மனுசனைப் போல் இருக்கிறது என்று எழுதினார். ஏரியூரில் போர்வெல் லாரி வைத்திருக்கிற தம்பி, பல்லைப் பிடுங்கின சிங்கத்தை எவன் வாங்குவான் என்று கேட்டான். இன்னொருவர் அந்தக் காலத்துப் பெட்டி மாடலின் படத்தைப் போட்டு, இதற்கு மேல் ஒரு அழகு உண்டா என்றார். கொஞ்ச நேரத்தில் குழு அமைதியாகிவிட்டது. எல்லோரும் உன் பதிலுக்காக நிறுத்திய மாதிரி இருந்தது. உன் நம்பர் இன்னும் குழுவில்தான் இருக்கிறது, எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

நீ இருந்திருந்தால் எழுதமாட்டாய், பேசித்தான் அனுப்புவாய். உன் மெல்லிய குரலில், பின்னால் லாரிக்காரர் யாரோ பேரம் பேசுகிற சத்தத்தோடு அது வரும். பழைய மாடல்தான் அழகு என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் நீ சொன்னது ஒன்றுதான். "நல்ல புள்ளையா இருந்து என்னத்தக் கண்டான் ஜப்பான்காரன்? சத்தமில்லாத இன்ஜின், ரிப்பேரே ஆகாத வண்டி, எவன் திரும்பிப் பாத்தான்? வாயத் தொறந்தான். இப்ப ஊரே பாக்குது."

எனக்கு அந்தப் பழைய முகம்தான் பிடித்தது, இன்றும் அதுதான் பிடிக்கும். ஜெர்மன்காரனைப் பார்த்துக் காப்பியடித்தது என்று குழுவில் ஏசுவார்கள். இருக்கட்டும். ஓய்வு பெற்ற நீதிபதி காலையில் நடக்கப் போவது போல அது ரோட்டில் வரும், யாரையும் அதட்டாது. புதியது அப்படி இல்லை. கண் இரண்டும் சுருங்கி, மூக்கு கீழே இறங்கி, வாய் முழுக்கக் கறுப்பு வலை. உன்னிடம் ஒரு தடவை கேட்டேன், முன்னால் போகிறவன் கண்ணாடியில் பார்த்துப் பயப்படுவதற்கென்றே இதை வரைந்தார்களா என்று. ஆமாம், அதற்குத்தான் வரைந்தார்கள் என்று நீ சொன்னாய்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்கும் தெரியும், காரிமங்கலத்தில் என் மெடிக்கலுக்கு வருகிற பாதிப் பேருக்கும் தெரியும். ஒரு நாள் என் சின்னக் காரில் பைபாஸில் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடியில் அந்த வாய் தெரிந்தது. ஹாரன்கூட அடிக்கவில்லை, சும்மா பின்னால் வந்தது, அவ்வளவுதான். நான் இடது பக்கம் ஒதுங்கி, வெள்ளைக் கோட்டையும் தாண்டி, மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டேன். நீ கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாய். முன்னாடி பார்த்து ஓட்டுகிறாயா, பின்னாடி பார்த்து ஓட்டுகிறாயா என்று கேட்டதை ஒரு வாரம் குழுவில் எல்லோரிடமும் சொல்லி மானத்தை வாங்கினாய்.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது நீ சொன்ன ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. தர்மபுரியில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தாய். ஆளும் ஒல்லி, குரலும் சின்னது என்பதால் வருகிறவன் போகிறவன் எல்லாம் உன்னை அதட்டினான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாய். "நமக்கெல்லாம் எவன் மாப்ள வழி வுட்டான்? இந்த மூஞ்சி வந்தா வுடுவான்." அந்தக் காரை நீ கடைசி வரைக்கும் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. கடையில் உட்கார்ந்திருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே போய்விட்டாய்.

உன் மகள் சௌமியா அதை வாங்கிவிட்டாள். நீ போய் வருஷம் திரும்புவதற்குள் வாங்கினாள். பெங்களூரில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி, அதே வாய், அதே கறுப்பு வலை. வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தினாள். தலைவலி மாத்திரை கிழித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. "அப்பாவுக்குப் புடிச்ச மூஞ்சி மாமா" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த நாள் பூஜை போட்டுவிட்டு, சேலத்தில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்றாள். தங்கச்சி என்னையும் வரச்சொல்லிக் கூப்பிட்டது. உன் பெண்டாட்டி கூப்பிட்டால் நான் எப்படி மறுப்பேன்? மலைக்கோயில் அடிவாரத்தில் பூசாரி வழக்கம்போல எல்லாம் செய்தார். சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தார். கிரில்லின் நடுவில் இருக்கிற கம்பெனி முத்திரையில், அந்த எம்பளத்தில், சந்தனத்தைக் குழைத்துக் கெட்டியாகப் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஊர்க் கண்ணெல்லாம் இந்த வண்டிமேல்தான் இருக்கும் என்று தங்கச்சி சொன்னதால், எலுமிச்சை, மிளகாய், கரித்துண்டு கோத்த கயிற்றை எம்பளத்துக்கு நேரே தொங்கவிட்டார். மேலே ஒரு சாமந்தி மாலை. எங்கள் யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. புது வண்டியை மொட்டை முகத்தோடு யார் ரோட்டுக்கு எடுத்துப்போவார்கள்? பூவும் பொட்டுமாக அந்த வாய் கொஞ்சம் அடங்கித் தெரிந்ததில் எனக்கு நிம்மதிகூட வந்தது.

சௌமியா நன்றாகத்தான் ஓட்டினாள். நல்லம்பள்ளி தாண்டுகிற வரைக்கும் நான் கண்ணை மூடவில்லை, கைப்பிடியையும் விடவில்லை. தொப்பூர் மலை இறக்கம் ஆரம்பித்தது. குறைந்த கியரில் செல்லவும் என்கிற போர்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முன்னால் ரோடு காலியாக இருந்தது. பின்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. பின் சீட்டிலிருந்த நான் திரும்பித் திரும்பி அதைத்தான் பார்த்தேன்.

அப்போது வண்டிக்குள் கீ கீ என்று ஒரு சத்தம். அவளுக்கு முன்னால் சிவப்பாக ஏதோ எழுத்து மின்னியது. அவள் பிரேக்கை மிதிக்கவில்லை மாப்ள, சத்தியமாக மிதிக்கவில்லை. வண்டி தானாகவே பிரேக் போட்டது. எதிரில் ஒன்றுமே இல்லாத ரோட்டில், அந்த இறக்கத்தில், யாரோ குறுக்கே விழுந்த மாதிரி போட்டது. தங்கச்சியின் தலை டேஷ்போர்டில் இடிக்கப் போய் பெல்ட் இழுத்துப் பிடித்தது. பின்னால் லாரியின் ஹாரன். நான் திரும்பினேன். பின் கண்ணாடி முழுக்க லாரியின் முகப்புத்தான் இருந்தது. அதன் சக்கரங்கள் கிறீச்சிட்டதும், அவன் வலது பக்கம் ஒடித்ததும், எங்களை உரசுகிற மாதிரி கடந்ததும் தெரிந்தது. ஈரக்குலை நடுங்குவது என்பதை அதுவரைக்கும் வெறும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

எப்படியோ ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கியவள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஓசூரில் அவளுக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு நான்தான் போன் போட்டேன். அவன் முழுசாகக் கேட்டுவிட்டு, எம்பளத்தில் ஏதாவது பூசியிருக்கிறீர்களா சார் என்றான். அதற்குப் பின்னால்தான் ராடார் இருக்கிறதாம். முன்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து அதுவே பிரேக் போடுமாம். சந்தனத்தைக் கெட்டியாகப் பூசி, ஆடுகிற எலுமிச்சையையும் அதற்கு நேரே கட்டினால், எதிரில் ஏதோ இருப்பதாகத்தானே நினைத்திருக்கும் என்றான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கயிற்றை அறுத்தேன், மாலையைக் கழற்றினேன், தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து என் கைக்குட்டையால் எம்பளத்தைத் துடைத்தேன். அந்த வாய்க்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தபோது அதைக் கண்டு பயப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் தங்கச்சி அதைச் சொன்னது. கல்லின்மேல் உட்கார்ந்து, மகள் பக்கம் பார்க்காமல், என்னிடம் மட்டும் சொன்னது. "அவரு இருந்திருந்தா இவள இந்த ரோட்டுல வுட்டிருக்கவே மாட்டாருங்கண்ணா. இவ ஓசூர்ல இருந்து ஸ்கூட்டில கெளம்பிட்டான்னு தெரிஞ்சா, வூடு வந்து சேர்ற வரைக்கும் அவருக்குச் சோறு எறங்காது. எங்கிட்டகூடப் பேசமாட்டாரு."

நான் நம்பவில்லை. நீயா? என்னை அந்தப் பாடு படுத்திச் சிரித்தவனா? அவள் வேலைக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான் என்றது தங்கச்சி. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீ. எனக்குக் கோபம்கூட வந்தது, அந்த இடத்தில் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்தேன்.

சௌமியா பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். "மாமா, நீங்க ஓட்டுங்க" என்றாள். தங்கச்சிக்கு ஓட்டத் தெரியாது. வேறு ஆள் இல்லை. உன் ஆசை வண்டியின் ஸ்டியரிங்கில் போய் நான் உட்கார்ந்தேன், மாப்ள. சாவிகூடப் போடவேண்டியதில்லை, ஒரு பொத்தான்தான். ஆமை மாதிரிதான் ஓட்டினேன்.

உள்ளே உட்கார்ந்தால் அந்த முகம் தெரியவே தெரியாது. நீ இத்தனை வருஷம் சண்டை போட்டதும், நான் பயந்ததும், குழுவில் எல்லோரும் அடித்துக்கொண்டதும் வெளியே நிற்கிறவனுக்குத்தான். உள்ளே இருப்பது ஒரு சீட்டும், முன்னால் ரோடும், பின்னால் வருகிறவன் பிரேக் பிடிக்கவேண்டுமே என்கிற கவலையும். இரட்டைப் பாலத்துக்குக் கிட்டே முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் போனது. ஓட்டுகிறவர் தலை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தது தெரிந்தது. பார்த்தவர் பதறிப்போய் இடது பக்கம் ஒதுங்கினார், சக்கரம் மண்ணில் இறங்கியது. எனக்கு அப்படியே என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. முந்தாமல் இன்னும் வேகத்தைக் குறைத்து, அவர் மறுபடி ரோட்டில் ஏறுகிற வரைக்கும் பின்னாலேயே போனேன். வழி விடுவான் என்று நீ சொன்னது பொய்யில்லை. ஆனால் வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அதன்பிறகு வண்டி உன் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது. சௌமியா பஸ்ஸில் போய் வந்தாள். போன வாரம் கடைக்கு வந்து, வண்டியை விற்றுவிடலாமா மாமா என்று கேட்டாள். அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அடுத்த கேள்வி. மாப்ள, நீ ஊருக்குச் சொல்வது என்ன என்று எனக்குத் தெரியும். வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது என்ன என்றும் இப்போது தெரியும். இரண்டில் எதைச் சொல்வது? விற்றுவிடு என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். உன்னை மாதிரியே ஒல்லி, உன்னை மாதிரியே சின்னக் குரல். அவளை அதட்டுகிறவர்களும் எங்கேயோ இருக்கத்தான் செய்வார்கள்.

ஓட்டும்மா என்றேன். அப்பா ஓட்டத்தான் சொல்லியிருப்பார் என்றேன். அவள் நிமிர்ந்து சிரித்துவிட்டு, உறையைக் கழற்றி வண்டியை ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவளிடமிருந்த பயம் மொத்தமும் என்னிடம் வந்துவிட்டது.

இன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் ஓசூரிலிருந்து அந்த வண்டியில் கிளம்பியிருக்கிறாள். கிருஷ்ணகிரியில் ஓரங்கட்டி நின்று, வந்துவிட்டேன் மாமா என்று செய்தி அனுப்பினாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இங்கிருந்து கிருஷ்ணகிரி எவ்வளவு தூரம், நீயே சொல். இந்நேரம் வந்திருக்கவேண்டும். போன் போடலாம், ஓட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்துத் தொலைப்பாளோ என்று பயமாக இருக்கிறது. ஒருவர் சர்க்கரை மாத்திரை கேட்டார், இரத்தக் கொதிப்பு மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டேன், நல்ல வேளையாக அவரே பார்த்துச் சொன்னார். பைபாஸ் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று கேட்டது. எந்தப் பக்கம் போகிறது என்று வாசலுக்கு வந்து காது கொடுத்து நின்றேன். கடைக்குக் காப்பி கொண்டுவந்த என் வீட்டுக்காரி என்ன ஆச்சு என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்று சிரித்தேன்.

இப்படித்தானே மாப்ள, நீயும் எங்களிடம் சிரித்துக்கொண்டிருந்தாய்?