சொல்லிக்கொள்ளாமல் போனவளுக்கு

என் புறவாசல் மகாராணி கோமதிக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இன்னும் உன் மேல் எனக்குள்ள பொறாமை அடங்கவில்லை. செத்துப்போன பெண்டாட்டி மேல் ஒருவன் பொறாமைப்படுவானா என்று ஊர் கேட்கும். கேட்கட்டுமே! ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வாசல் தார்சாவில் மேசை, சட்டப் புத்தகங்கள், கறுப்புக் கோட்டு, வக்கீல் என்று எழுதின பலகை எல்லாம் என்னுடையவை. ஆனால் இந்தத் திருநெல்வேலியில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை, மாமியார் மருமகள் சண்டை என்று எது வந்தாலும், ஆட்கள் என் பலகையைப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் திரும்பிப் புறவாசலுக்கல்லவா போவார்கள்! அங்கே நீ முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒரு தடவை நானே வெட்கத்தை விட்டு ஒருவனைக் கூப்பிட்டேன். "ஏலே, வக்கீல் வீடு இங்கன இருக்கு" என்றேன். "தெரியும் ஐயா, அம்மாவத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மானூர்ப் பக்கத்திலிருந்து வந்தவனை மறந்திருக்க மாட்டாய். பெண்டாட்டி வேண்டாம் என்று அவன் என்னிடம் வந்தான். நான் எவ்வளவு அழகான பாஷையில் பிராது எழுதினேன் தெரியுமா? மை காயுமுன் கையெழுத்து வாங்கலாம் என்று நிமிர்ந்தால் ஆளைக் காணோம். புறவாசலில் அவனும் அவளும் உன் கையால் பழையது வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிராதை நீ அடுப்புப் பற்றவைக்கக் கேட்டாய் பார், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உன் வித்தையெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். இரண்டு பேர் சொல்வதையும் கடைசிவரை கேட்பாய். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏளா, வீட்ட விட்டு இறங்கையில என்ன சொல்லிட்டு இறங்கின? போறேன்னா, போயிட்டு வாரேன்னா?" என்பாய். போயிட்டு வாரேன் என்று சொன்னவள் பொழுது சாயுமுன் வீடு போய்ச் சேருவாள். தடுமாறுகிறவளுக்கு இன்னும் கொஞ்சம் மோர் கொடுத்து உட்காரவைப்பாய்.

ஆனால் ஒன்று. போறேன் என்றே உறுதியாய் நின்றவளை நீ ஒருநாளும் திருப்பி அனுப்பினதில்லை. கை முறிந்து, கைக்குழந்தையோடு வந்தாளே ஒருத்தி, அவளைச் சொல்கிறேன். "போறேன்னுதாம்மா சொன்னேன். இனி அந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்றாள். அவர்கள் சாதி வழக்கப்படி பெரியவர்களை வரவழைத்து, அவன் கையாலேயே துரும்பைக் கிள்ளிப் போடவைத்தாய். துரும்பைக் கிள்ளினால் கல்யாணம் அறுந்தது, அவ்வளவுதான். அவள் பிறந்த வீட்டுப் பாத்திரமும் அந்தக் குழந்தையும் அவளோடு வந்து சேர்ந்தன. என் கோர்ட்டுக்குப் போயிருந்தால் குழந்தை அப்பனுக்குத்தான். சட்டம் படித்தவன், எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் வயிறு எரிந்தது.

போகட்டும். நம் வடிவு கதைக்கு வருகிறேன். நீ இல்லாத வீட்டில் உன் மகளுக்கே வழக்கு வந்துவிட்டது.

உன் மாதத் திதிக்காக ஆவணியில் தச்சநல்லூரிலிருந்து புறப்பட்டவள், வாசலில் நின்ற மாமியாரிடம் "அத்தை, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியேறியிருக்கிறாள். முதல்நாள்தான் இருமுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதே என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். சம்பந்தியம்மாள் பிடித்துக்கொண்டாள். "விளக்கு எரியுத வீட்ல நின்னு போறேங்காளே! போறேன்னவ போகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கூப்பிடட்டும் என்று வடிவு இங்கே இருந்தாள். வரட்டும் என்று அவர்கள் அங்கே இருந்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை, பெண்டாட்டியும் பிள்ளையும் வீடு வந்து சேர வேண்டும் என்று வழக்குப் போடப்போவதாகக் காதில் விழுந்தது. அதுவும் யாரிடம் போனார் என்று நினைக்கிறாய்? எதிர்வரிசை வக்கீலிடம்!

எனக்கு ரத்தம் கொதித்தது. போறேன் என்ற சொல்லுக்குத் திரும்ப வரமாட்டேன் என்று அர்த்தம் கிடையாது என்று முனிசீப் முன்னால் நிரூபிக்க, தார்சாவில் நடந்து நடந்து பேசிப் பழகினேன். வடிவு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா, நான் அங்க போகமாட்டேன்னு ஆயிட்டா, கோர்ட்டுல பிள்ளைய எனக்குத் தருவாகளா?" என்று கேட்டாள்.

நான் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

"அம்மா இருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா இருந்தா, அம்மா இருந்தா! ஏன், நான் ஒருத்தன் இங்கன குத்துக்கல்லு மாதிரி இல்லையா?" என்று கத்திவிட்டேன். பிள்ளை விழித்து அழுதது.

"அப்ப நீங்க கேளுங்க. ஏன் அப்படிச் சொன்னன்னு இன்னும் ஒருத்தரும் என்னக் கேக்கலையே" என்றாள்.

கேட்டேன். உன் மகள் சொன்னதைக் கேள். "அத்தைதானப்பா சொல்லிக் குடுத்தா, துட்டி வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லப்படாதுன்னு. அம்மா திதிக்குப் புறப்படுதேன். வாரேன்னு சொல்லி, அந்த வீட்டுக்கும் துட்டி வந்துட்டா? பிள்ளை வேற இருமிக்கிட்டுக் கிடந்தா. பயந்து போயித்தான் அப்படிச் சொன்னேன்."

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் அந்த வழக்கம். இந்த அசடு, திதிக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டது. அந்த வீடு நன்றாயிருக்கட்டும் என்று சொன்ன சொல்லைத்தான் அந்த வீடே சாபமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

வண்டி பூட்டித் தச்சநல்லூர் போனேன். முன்வாசலில் மாப்பிள்ளை நின்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதே. சந்துக்குள் திரும்பிப் புறவாசலுக்குப் போனேன். சம்பந்தியம்மாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"இதென்ன அண்ணாச்சி, புறவாசல் வழியா வாரிய?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். கோமதி துட்டிக்கு வந்தியளே, திரும்பையில எங்கட்ட என்ன சொல்லிட்டுக் கிளம்புனிய?"

"ஒண்ணும் சொல்லலையே. துட்டி வீட்டுல யாராவது வாரேன்னு சொல்லுவாகளா?"

"வடிவுக்கும் அதத்தான சொல்லிக் குடுத்திய?"

"ஆமா, சின்னப் பிள்ளை, தெரியாம சொல்லிரப்படாதே."

"அவ புறப்பட்டதும் அந்தத் துட்டி காரியத்துக்குத்தான. உங்க வீட்டுக்கு ஒண்ணும் வந்துரக்கூடாதேன்னு, நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்கா."

அவள் புளிக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அட கூறுகெட்ட பிள்ளை! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நானாவது ஒரு வார்த்தை கேட்டேனா, பாவி!" என்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "மதினி இருந்தா இப்படித்தான் கேட்டிருப்பாக" என்றாள்.

வண்டியேறிப் போனது நான். புறவாசலில் குனிந்து நுழைந்தது நான். பேர் மட்டும் உனக்கு! வீடு வந்து சேரும்வரை வண்டிக்காரனிடம் எரிந்து விழுந்துகொண்டே வந்தேன்.

மாப்பிள்ளை வந்தார். வடிவிடம் என்ன பேசினாரோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்படும்போது, தெருவுக்கே கேட்கும்படி "அப்பா, போயிட்டு வாரேன்" என்றாள். எதிர்வரிசை வக்கீல் எட்டிப் பார்த்தார். அது ஒன்றுதான் எனக்குத் திருப்தி.

அவள் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அப்போதுதான் நான் உன்னிடம் கேட்காமல் வைத்திருந்தது மேலே வந்தது. உன் கடைசிக் காலையில், பேச்சே சுருங்கிப்போன நேரத்தில், புறவாசலில் யாரோ ஒருத்தி புருஷனோடு சேர்ந்துவிட்டதைச் சொல்ல வந்தாள். நீ தலையைத் திருப்பி "போயிட்டு வா தாயி" என்றாய். அதுதான் உன் கடைசிப் பேச்சு. பேர்கூடத் தெரியாத ஒருத்திக்கு! உன் காலைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே இருந்தேன். என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாய். இத்தனை மாதமும் அவள் மேல் எனக்கு என்ன பொறாமை தெரியுமா? எனக்கு ஒரு வார்த்தை கிடையாதா கோமதி?

நேற்று நிலைப்படியில் நின்றபோது சட்டென்று உறைத்தது. துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் வாரேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இது துட்டி வீடாகப் போகிறது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் வடிவுக்கும் ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறாய். அப்படித்தானே?

புறவாசல் கதவைத் தாழ்போட மாட்டேன். வருகிறவர்களுக்கு மோர் இருக்கும். உன் கேள்வியை நானே கேட்பேன், பேர் உனக்கே போகட்டும். எரிச்சலோடுதான் சொல்கிறேன். எனக்கு வேளை வரும்போது மட்டும் வழக்கமெல்லாம் பார்க்க மாட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்: வாரேன், கோமதி.

வடிவின் அப்பன்,
உன் வாசல்பக்கத்து வக்கீல்,
உன் வீட்டுக்காரன்